தீபாவளி லீவில் ஸ்கூபா: ஊரைப் பிறகு பார்ப்போம், முதலில் மாதம்

கேள்வி: சார், எனக்கு வயது 32. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. மனைவிக்கு 29. ரொம்ப நாளாக எனக்கு ஸ்கூபா டைவிங் (முதுகில் காற்று டேங்க்கோடு கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பது) ஆசை. தீபாவளியை ஒட்டி ஐந்தாறு நாள் லீவு கிடைக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து 60,000 ரூபாய்க்கு மேல் முடியாது. அந்தமான் என்றால் செலவு பயமாக இருக்கிறது. கோவாவில் 2,000 ரூபாய்க்கே ஸ்கூபா என்கிறார்கள் நண்பர்கள். பக்கத்தில் பாண்டிச்சேரி இருக்கும்போது அவ்வளவு தூரம் எதற்கு என்கிறார் மனைவி. எனக்கு மெரினா நீச்சல் குளத்தில் கற்ற நீச்சல் உண்டு. அவருக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றால் கொஞ்சம் பயமும் கூட. எனக்கு சைனஸ் தொந்தரவு அடிக்கடி வரும். போவதுதான் போகிறோம், சர்டிபிகேட் கோர்ஸே முடித்துவிடலாமா? எங்கே போகலாம்?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: வணக்கம். சென்னையில் டைவிங் கற்றுக்கொடுப்பவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. எல்லோரும் "எந்த ஊர்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் முதலில் கேட்பது "எந்த மாதம்?" என்றுதான். நம்மைச் சுற்றியுள்ள கடல்களில் எதுவும் வருடம் முழுக்கத் தெளிவாக இருப்பதில்லை. தப்பான மாதத்தில் சரியான ஊருக்குப் போனவர்கள் கலங்கிய தண்ணீரைப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் படகே போகாமல் லாட்ஜ் வாடகை மட்டும் கட்டிவிட்டுத் திரும்புவார்கள்.

தீபாவளி என்றால் வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை நம் பக்கத்துக் கடல் டைவிங்குக்கு ஆகாது. வாடைக் காற்றும் அலையும் ஒருபுறம். ஆறுகளும் முகத்துவாரங்களும் கொண்டுவந்து கொட்டும் சேறு மறுபுறம். பாண்டிச்சேரியே போதாதா என்று உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்விதான், ஆனால் அந்தக் காலத்தில் போதாது. புயல் கூண்டு ஏற்றியிருக்கும் வாரத்தில் யாராவது "வாங்க, போகலாம்" என்றால், அந்த ஆளிடமிருந்து தள்ளியே இருங்கள்.

பாண்டிச்சேரி கெட்ட இடமில்லை. சென்னைக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி என்றே சொல்வேன். திருவான்மியூரில் ஈசிஆர் பஸ் ஏறினால் மூன்று, மூன்றரை மணி நேரம். 2013இல் கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, ஏறக்குறைய 18 மீட்டர் ஆழத்தில் ஒரு செயற்கைப் பாறைத்திட்டு அமைத்தார்கள். வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் இன்று கலவா, பாரை, சீலா, பொந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் அஞ்சாலை எல்லாம் உண்டு. காசிமேட்டில் மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு அங்கே ஒரு தனி சந்தோஷம்: பாதி மீனுக்குப் பெயர் தெரியும். பிப்ரவரி முதல் ஜூன் வரை அங்கே நல்ல நாட்கள் அதிகம். குறை என்னவென்றால், அது திறந்த கடல். அலையைத் தடுக்கத் தீவு எதுவும் கிடையாது. படகு ஆடும், வாந்தி வரும். தண்ணீர்த் தெளிவும் ஒரு நாள் இருபது மீட்டர், மறுநாள் நான்கு மீட்டர் என்று மாறும். பக்கத்து ஊர் என்பதால் இதைச் சமாளிக்கலாம். முந்தின நாள் போன் செய்து கேட்டுவிட்டு, சரியில்லை என்றால் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவிடலாம். விமான டிக்கெட் எடுத்துப் போகிற ஊரில் அது நடக்காது.

சரி, தீபாவளிக்கு எங்கே? மேற்குக் கரைதான். அங்கே தென்மேற்குப் பருவமழை செப்டம்பரோடு ஓய்கிறது. நம் பக்கம் மழை பிடிக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் கடல் அடங்கித் தெளியத் தொடங்கும். என் தேர்வு கர்நாடகத்தில் முருடேஸ்வரர் கோயில் இருக்கும் முருடேஸ்வர். அங்கிருந்து படகில் ஒன்றரை மணி நேரத்துக்குள் நேத்ராணி தீவு. (இணையத்தில் தேடும்போது இதற்குப் 'பிஜியன் ஐலண்ட்' என்றும் பெயர் போட்டிருக்கும். திருகோணமலையிலும் அதே பெயரில் ஒரு தீவு உண்டு, அங்கேயும் டைவிங் உண்டு. குழம்பிவிடாதீர்கள்.) தீவில் இறங்க மாட்டோம். பக்கத்தில் நங்கூரம் போட்டு, படகிலிருந்தே தண்ணீருக்குள் இறங்க வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் கொஞ்சம் கலங்கல் இருக்கலாம், நவம்பரில் பெரும்பாலும் சரியாகிவிடும். பவளப்பாறையும் மீன் கூட்டமும் பாண்டிச்சேரியைவிடக் கண்ணுக்கு நிறைவாகவே இருக்கும்.

செலவைப் பார்ப்போம். சென்ட்ரலிலிருந்து மங்களூரு மெயிலில் இரவு ஏறினால் மறுநாள் மதியவாக்கில் மங்களூரு. அங்கிருந்து முருடேஸ்வருக்குக் கொங்கண் ரயிலில் மூன்று மணி நேரம் போல. மூன்றாம் வகுப்பு ஏசியில் இருவருக்கும் போக வர ஆறாயிரம், ஏழாயிரம். அது கோயில் ஊர் என்பதால் சுமாரான விலைக்கே சுத்தமான அறை கிடைக்கும், இரண்டு இரவுக்கு நாலாயிரம் வையுங்கள். புதியவர்களுக்கான ஒரு முறை டைவ், படகோடு சேர்த்து தலைக்கு ஐந்திலிருந்து ஆறரை ஆயிரம். சாப்பாடு, ஆட்டோ எல்லாம் போட்டாலும் முப்பதாயிரத்துக்குள் முடியும். உங்கள் பட்ஜெட்டில் பாதி. மீதியை என்ன செய்யலாம் என்று பிறகு சொல்கிறேன்.

திரும்பும் வழியில் ஒரு விஷயம். டைவ் முடித்த அன்றே பஸ்ஸில் பெங்களூரு போய், அங்கிருந்து சென்னை வரலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் குமிழிகளாகி மூட்டிலும் நரம்பிலும் வலி கொடுக்கும். விமானம் ஏறுவதற்கு ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்வது இதனால்தான். ஏறக்குறைய 600 மீட்டருக்கு மேல் மலை ஏறுவதையும் அதே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். பெங்களூரு இருப்பதே 900 மீட்டர் உயரத்தில். நம் ரயில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிறது, கோவையே 400 மீட்டர் சொச்சம்தான். ரயிலிலேயே வாருங்கள்.

கோவாவின் 2,000 ரூபாய் ஸ்கூபாவுக்கு வருகிறேன். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் மனதில் வைத்திருப்பது அது இல்லை. காலையில் ஒரு பெரிய படகில் ஐம்பது, அறுபது பேரை ஏற்றி கிராண்ட் ஐலண்ட் பக்கம் கொண்டுபோவார்கள். பிரெட் ஆம்லெட், பாட்டு, நீண்ட வரிசை. உங்கள் முறை வரும்போது ஒருவர் டேங்க்கைப் பிடித்துக்கொண்டு நாலைந்து மீட்டர் ஆழத்தில் பத்து நிமிடம் வைத்திருந்து, வீடியோ எடுத்து, மேலே தூக்கிவிடுவார். அங்கே தண்ணீர்த் தெளிவும் பெரும்பாலும் குறைவு. கோவாவில் ஒழுங்காக நடத்தும் சென்டர்களும் உண்டு, ஆனால் அவர்களுடைய விலையும் நேத்ராணி விலையை நெருங்கிவிடும். இந்தத் தொழிலில் அமுக்கிக் குறைக்கக்கூடிய செலவு ஒன்றே ஒன்றுதான்: ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர் என்பது. விலை எங்கே சரிகிறதோ அங்கே இந்த எண்ணிக்கை ஏறியிருக்கும்.

ஆகவே எந்த ஊர் போனாலும் போனில் முதலில் இதைக் கேளுங்கள்: "தண்ணிக்குள்ள என்கூட எத்தனை பேர் இருப்பாங்க?" புதியவர்களைத் திறந்த கடலில் அழைத்துப் போகும்போது ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு அதிகபட்சம் நான்கு பேர் என்பது பாடி (PADI) என்ற சர்வதேச டைவிங் பயிற்சி அமைப்பின் வரம்பு. நீச்சல் தெரியாத உங்கள் மனைவிக்குத் தனியாக ஒருவர் வேண்டும் என்று கேளுங்கள். கூடுதலாக ஆயிரம், ரெண்டாயிரம் கேட்டாலும் கொடுக்கலாம். அடுத்து, மருத்துவப் படிவம் கொடுப்பார்களா என்று கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம் சார்" என்று சொல்கிற இடத்துக்குப் போகாதீர்கள். படகில் அவசரத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறதா, முதலில் ஆழமில்லாத இடத்தில் பயிற்சி உண்டா, எந்த மொழியில் விளக்குவார்கள், இதையும் கேட்டுவிடுங்கள். மொழி சின்ன விஷயம் இல்லை. தண்ணீருக்குள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் 'மேலே போகலாம்' என்று பொருள். உங்கள் மனைவி 'சூப்பர்' என்று காட்டுவதாக நினைத்துக் காட்ட, இன்ஸ்ட்ரக்டர் மேலே கூட்டி வந்துவிடுவார். புரியாமல் தலையாட்டிவிட்டு இறங்குபவர்களுக்குத்தான் கீழே பதற்றம் வரும்.

அவருடைய பயத்தைப் பற்றி. உங்கள் கடிதத்தில் "எனக்கு ஆசை" என்று இருக்கிறது. அவருக்கு ஆசையா என்று இல்லை. முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முறை டைவுக்கு நீச்சல் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை, அது உண்மை. ஆனால் நீச்சல் தெரியாததும் தண்ணீர் பயமும் வேறு வேறு. நீச்சல் தெரியாமல் ஆனால் பயமில்லாமல் வருபவர்கள் பெரும்பாலும் நன்றாகச் செய்வார்கள். பயம் இருப்பவருக்குப் படகின் விளிம்பில் உட்கார்ந்து, கால் எட்டாத தண்ணீரில் விழும் அந்த ஒரு நொடிதான் பெரிய சோதனை. நேத்ராணியில் அதைத் தவிர்க்க முடியாது.

அதற்கு வழி சென்னையிலேயே இருக்கிறது. நீச்சல் குளத்தில் ஸ்கூபா அறிமுக வகுப்பு நடத்துபவர்கள் இங்கே உண்டு, சில ஆயிரத்தில் முடியும். மார்பளவு தண்ணீரில் நின்றபடி மாஸ்க் போட்டு, டேங்க்கிலிருந்து காற்று தரும் ரெகுலேட்டரை வாயில் கடித்து, முகத்தை மட்டும் அமிழ்த்தி வாயால் மூச்சு விடப் பழகுவார். மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் வந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றக் கற்பார். அரை மணி நேரத்தில் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிரித்துக்கொண்டே வெளியே வந்தால் நேத்ராணிக்கு டிக்கெட் போடலாம். "எனக்கு வேண்டாம்" என்றால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள். "இவ்வளவு செலவு பண்ணியாச்சே" என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது. வற்புறுத்தி இறக்கப்பட்டவர்கள் கீழே பயந்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வதுதான் எங்கள் தொழிலில் நாங்கள் மிகவும் அஞ்சும் விபத்து. பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேற்பரப்பில் இரண்டு மடங்காக விரியும். அதனால்தான் "மூச்சை மட்டும் நிறுத்தாதீங்க" என்று ஆயிரம் முறை சொல்கிறோம்.

அவருக்குக் குளத்தில் பிடித்திருக்கிறது, ஆனால் படகிலிருந்து குதிக்கத்தான் தயக்கம் என்றால், அப்போது அந்தமான் செலவுக்குத் தகும். ஹேவ்லாக்கில் (இப்போது அரசுப் பெயர் ஸ்வராஜ் தீவு) நீமோ ரீஃப் போன்ற இடங்களில் கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்கலாம். முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஒவ்வொரு படியாக. பயப்படுபவருக்கு இதைவிடத் தோதான நுழைவாயில் நம் நாட்டில் இல்லை என்பேன். தமிழ் பேசுபவர்களும் அங்கே நிறைய. ஆனால் தீபாவளி சமயத்தில் போகாதீர்கள். அந்தமான் கடலிலும் அப்போது மழையும் புயல் சின்னமும் வந்துகொண்டிருக்கும். கப்பல் நின்றுவிட்டால் தீவில் மாட்டிக்கொள்வீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் போனால் கடல் கண்ணாடி. முன்கூட்டியே டிக்கெட் எடுத்தால் இருவருக்கும் விமானம் 25,000 ரூபாய்வாக்கில், தீவுக்குக் கப்பல் ஐந்தாறு ஆயிரம், அறை பத்தாயிரம், கரை டைவ் ஒன்பதாயிரம், சாப்பாடு தனி. அறுபதாயிரம் சரியாகப் போய்விடும், கையில் மிச்சம் இருக்காது. அரசுக் கப்பலில் இடம் கிடைத்தால் கொஞ்சம் குறையும். விமானத்துக்கு முன் நான் சொன்ன அந்த இடைவெளி வேண்டும் என்பதால் கடைசி நாள் கரையில்தான். அந்த ஒரு இரவு வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

தாய்லாந்தில் கோ தாவ் தீவு மலிவு என்று ஆபீஸில் யாராவது சொல்லியிருப்பார்கள். கோர்ஸுக்கு மலிவான, நல்ல இடம்தான். ஆனால் பாங்காக் டிக்கெட், அங்கிருந்து பஸ், கப்பல் என்று சேர்த்தால் மலிவு காணாமல் போகும். நவம்பர் அங்கேயும் மழைக்காலம். இலங்கையின் திருகோணமலை மே முதல் செப்டம்பர் வரை அருமை, உங்கள் லீவுக்குப் பொருந்தாது. லட்சத்தீவு அழகு, ஆனால் அனுமதியும் செலவும் உங்கள் கணக்குக்கு அப்பால். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது.

கோர்ஸ் கேள்விக்கு வருவோம். ஓப்பன் வாட்டர் சர்டிபிகேட் என்பது பாடம், குளப் பயிற்சி, நான்கு கடல் டைவ் சேர்ந்தது. முடித்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம். நம் நாட்டில் எங்கே போனாலும் ஒருவருக்கு 25,000 முதல் 35,000 ரூபாய். ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, இருவருக்கும் கோர்ஸ் என்றால் உங்கள் பணம் பெரும்பாலும் அதற்கே போய்விடும். பயணத்துக்கும் அறைக்கும் போதாது. மேலும் கோர்ஸுக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். உங்கள் மனைவிக்கு இப்போது முடியாது.

நான் சொல்வது இதுதான். தீபாவளிக்கு ஒரே ஒரு டைவ் போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால், நேத்ராணியில் மிச்சமான முப்பதாயிரத்தில் நீங்கள் மட்டும் கோர்ஸில் சேருங்கள். பாடத்தை வீட்டில் போனிலேயே படிக்கலாம், குளப் பயிற்சியைச் சென்னையில் முடிக்கலாம், கடல் டைவ்களைப் பிப்ரவரிக்குப் பிறகு கடல் நன்றாக இருக்கும் ஒரு சனி ஞாயிறில் பாண்டிச்சேரியில் போடலாம். விமானமும் வேண்டாம், நான்கு நாள் ரூம் வாடகையும் வேண்டாம். பணம் மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. இடத்தை மாற்றி முடிக்க விரும்பினாலும், குளம் வரை முடித்ததற்கு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு 12 மாதத்துக்குள் வேறு ஊரில் கடல் பகுதியை முடிக்கலாம். அதற்குள் உங்கள் மனைவி மெரினாவிலோ வேளச்சேரியிலோ நீச்சல் கற்றுக்கொண்டால், அவருடைய முறை அடுத்த வருடம்.

சைனஸ். இதை நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், நான் முதலில் எழுதியிருக்க வேண்டியது. அழுத்தத்தால் உடம்புக்குள் இருக்கும் காற்றின் அளவு அதிகம் மாறுவது முதல் பத்து மீட்டரில்தான். காதும் சைனஸும் அங்கேதான் பாடுபடும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும், வலி வரும் முன்பே, மீட்டருக்கு ஒரு முறை. உங்கள் சைனஸ் அடைத்திருந்தால் அது நடக்காது. மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இறங்குபவர்கள் உண்டு. கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்து மறுபடி அடைத்தால், மேலே வரும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் நெற்றி பிளக்கும். ஆகவே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, "டைவிங் போகிறேன்" என்று சொல்லி, படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். முருடேஸ்வருக்குப் போகும் வழியில் ஜலதோஷம் பிடித்தாலும் அன்று டைவ் கிடையாது. பணம் திரும்பி வருமா, தேதி மாற்றித் தருவார்களா என்று முன்பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எதையும் வாங்கிக் குவிக்காதீர்கள், உபகரணங்கள் எல்லாம் அவர்களே தருவார்கள். கண்ணாடி போடுபவர் என்றால் பவர் மாஸ்க் இருக்கிறதா என்று மட்டும் முன்பே கேளுங்கள். டைவ் அன்று காலை பூரி, வடை வேண்டாம், இரண்டு இட்லி போதும். படகு ஒத்துக்கொள்ளாது என்றால் வாந்தி மாத்திரையைப் பற்றி அதே மருத்துவரிடம் கேளுங்கள். சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், அவற்றோடு தண்ணீருக்குள் இறங்கக் கூடாது.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மங்களூரு மெயில் சேலம், ஈரோடு வழியாகப் போகும் வண்டி. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பாதிச் சென்னை அதில்தான் ஏறும், திறந்த சில நிமிடங்களில் காத்திருப்புப் பட்டியல் வந்துவிடும். ஆகவே மருத்துவர், குளத்து வகுப்பு இரண்டையும் ஆகஸ்ட் மாதத்துக்குள் முடித்து, உங்கள் மனைவியின் பதிலையும் கேட்டுவிட்டு, முன்பதிவு திறக்கும் நாளன்று காலை எட்டு மணிக்கு முன்பே லாகின் செய்து தயாராக இருங்கள்.